ஆள் உயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு: எலும்புக்கு நம்பலாம், மூட்டுக்கு நம்ப வேண்டாம்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். அங்கே நிறுத்துவதற்கு 170 செ.மீ. உயர எலும்புக்கூடு மாடல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், வாங்கி ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டியாயிற்று. பிசியோ படிக்கிற பிள்ளைகள், பிளஸ் ஒன் விலங்கியல் எடுக்கிற வாத்தியார்கள் என்று நிறையப் பேர் "வாங்கலாமா சார்" என்று கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். எலும்பைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். மூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அந்தக் காசை வேறு விதமாகச் செலவழியுங்கள். விற்கிறவர்கள் விளம்பரத்தில் "அனைத்து மூட்டுகளும் அசையும்" என்று போடுகிறார்கள் பாருங்கள், என் சண்டை எல்லாம் அந்த ஒரு வரியோடுதான்.

விலை 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இதே அச்சில் 85 செ.மீ., 45 செ.மீ. பொம்மைகளும் வருகின்றன, மேசை மேல் வைக்க அழகு, பாடம் நடத்த உதவாது, மணிக்கட்டு எலும்பு எட்டும் ஒரே கட்டியாக இருக்கும். பெரியது பெட்டியில் துண்டு துண்டாக வரும். தலை, உடம்பு, கை இரண்டு, கால் இரண்டு, சக்கரம் வைத்த ஸ்டாண்டு. இடுப்புக்கு அடியில் கம்பியைச் செருகி நிறுத்திவிட்டால் ஆள் ரெடி. முதல் இரண்டு வாரம் பிளாஸ்டிக் வாடை மூக்கைத் துளைக்கும். வாடை போகட்டும் என்று மொட்டை மாடியில் வைக்காதீர்கள், சித்திரை மாதப் பாளை வெயிலுக்கு விலா எலும்பையும் நெஞ்செலும்பையும் இணைக்கிற அந்த வெள்ளை மெத்துத் துண்டுகள் இளகித் தொங்கிவிடும். ஃபேனுக்கு அடியில் வைத்தாலே போதும்.

நிஜ எலும்பு கிடைக்காதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் உலகத்து மருத்துவக் கல்லூரிகளில் தொங்கின எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி நம் நாட்டில் இருந்து, முக்கியமாகக் கல்கத்தா வழியாகப் போனவை. 1985-இல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கப்புறம்தான் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு கிராக்கி. மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் முதல் வருஷத்தில் சீனியரிடம் போன் செட், அதாவது நிஜ எலும்புத் தொகுப்பு, வாங்கிப் படிப்பது இன்றைக்கும் உண்டு. 1965-இல் தொடங்கின நம்ம ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் தொடை எலும்பைப் பற்றிய பேச்சு எப்படியும் காதில் விழும். நமக்கு அதெல்லாம் சட்டப்படியும் முறைப்படியும் ஒத்துவராது, பிளாஸ்டிக்தான் வழி.

சரி, தலையில் இருந்து வருவோம். இந்த மாடலில் உருப்படியான மூட்டு எங்கே இருக்கிறது என்றால் அசையாத இடத்தில்தான் இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகள் சேர்கிற நெளிநெளியான தையல் கோடுகளை நன்றாக வார்த்திருக்கிறார்கள்: முன்பக்கம் குறுக்காக ஒன்று, நடு உச்சியில் நீளமாக ஒன்று, பின்பக்கம் கூரை வடிவத்தில் ஒன்று. விரலை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரிகிறது. நார் மூட்டுகளுக்கு இதுதான் முதல் உதாரணம், இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி கிடையாது, திரவம் கிடையாது, நார்த் திசு மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கு உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், இந்தத் தையல்கள் சந்திக்கிற இடத்தில் எலும்பு இன்னும் வளர்ந்து மூடாததால்தான் அது. முன் உச்சிக்குழி சுமார் ஒன்றரை வயதுக்குள் மூடும், பின்பக்கத்துக் குழி அதற்கு வெகு முன்னாடியே, இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும்.

ஆனால் இங்கேயும் ஒரு வில்லங்கம். மூளை இருக்கிற இடத்தைத் திறந்து காட்டுவதற்காக மண்டையை வட்டமாக அறுத்து, பக்கத்தில் கொக்கி போட்டிருக்கிறார்கள். அந்த அறுத்த கோடு நிஜத் தையலைவிடப் பளிச்சென்று தெரிகிறது. கிளினிக்குக்குப் பழக வந்த ஒரு மாணவி அதையும் ஒரு மூட்டு என்று நினைத்துப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள், பாவம். அந்தக் கோட்டின் மேல் சிவப்பு மார்க்கரால் "ரம்பம்" என்று எழுதிவைத்துவிட்டேன்.

பல் விஷயம் பரவாயில்லை. கீழ்த்தாடையில் மூன்று பல்லைப் பிடுங்கிப் பார்க்கலாம். தாடைக்குழியில் பல் நிற்பதும் நார் மூட்டுக் கணக்கில்தான் வருகிறது, ஆப்பு அடித்த மாதிரி மூட்டு. வேருக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய நார்கள் பிடித்திருக்கின்றன. அதனால்தான் முறுக்கைக் கடிக்கும்போது பல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது. தாடை மூட்டுக்கு ஒரு ஸ்பிரிங் போட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். வாய் திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவுதான். காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து பாருங்கள், முதலில் சுழன்று அப்புறம் குமிழ் முன்னால் நழுவுவது விரலுக்கே தெரியும். அந்த நழுவல் இந்த ஆளுக்கு வராது. தொண்டையில் இருக்கிற நாவடி எலும்பு மாடலில் இல்லவே இல்லை. அது எந்த எலும்போடும் மூட்டுப் போடாத தனிக்காட்டு ராஜா, கம்பி கோக்க இடம் இல்லையென்று விட்டுவிட்டார்கள் போல.

கழுத்துக்கு வந்தால் எனக்குக் கோபம் வரும். ஆமாம் என்று தலையாட்டுவது மண்டைக்கும் முதல் முள்ளெலும்புக்கும் நடுவே. இல்லை என்று தலையாட்டுவது முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே. இரண்டாவது எலும்பில் ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், முதல் எலும்பு வளையமாக அதைச் சுற்றித் திரும்பும், முளை பின்னால் சாய்ந்து தண்டுவடத்தைக் குத்தாதபடி ஒரு குறுக்குத் தசைநார் கட்டிப்போட்டிருக்கும். முளை மூட்டுக்குப் பாடப்புத்தகமே இதைத்தான் உதாரணம் சொல்கிறது. இந்த மாடலில் மண்டை முழுவதையும் ஒரே கம்பியில் சொருகியிருக்கிறார்கள், பிடித்துத் திருப்பினால் பின்னால் போய் முழுச்சுற்று சுற்றி முன்னால் வருகிறது. அது போகட்டும், அந்த இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு ரப்பர் டிஸ்க்கை வேறு வைத்திருந்தார்கள்! மனிதனுக்கு அந்த இடத்தில் டிஸ்க்கே கிடையாது. டிஸ்க் தொடங்குவது இரண்டாவது, மூன்றாவது எலும்புக்கு நடுவில் இருந்துதான், கீழே இடுப்பு வரை மொத்தம் 23. கழற்றி எறிந்துவிட்டேன்.

மற்றபடி முதுகுத்தண்டு நன்றாகவே இருக்கிறது. டிஸ்க்குகள் மெத்தென்று அமுங்குகின்றன, இடுப்புப் பக்கம் ஒன்று மட்டும் சிவப்பாகப் பிதுங்கி நரம்பைத் தொடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். கிளினிக்கில் அதிகம் தொட்டுக் காட்டின இடம் இதுதான், பைக்கில் நாள் பூராவும் அலைகிற மெடிக்கல் ரெப் தம்பிகளுக்கு ஒரு தடவை காட்டினால் போதும், வாயைத் திறக்க மாட்டார்கள். முள்ளெலும்பும் முள்ளெலும்பும் டிஸ்க் வழியாகச் சேர்வது குருத்தெலும்பு மூட்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் அசையும், எல்லாம் சேர்ந்தால் குனிந்து கோலம் போடலாம். அதே முள்ளெலும்புகளுக்குப் பின்பக்கம் சின்னச் சின்ன வழுக்கு மூட்டுகளும் உண்டு, அவை திரவ மூட்டு வகை, அதாவது உறைக்குள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிற மூட்டு. ஒரே இரண்டு எலும்புக்கு நடுவே இரண்டு வகை மூட்டு இருப்பதை இந்த மாடலில் கையால் தொட்டுக் காட்டலாம், அதற்கு முழு மார்க்.

குருத்தெலும்பு மூட்டில் இன்னொரு ரகம் வளர்கிற பிள்ளைகளின் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு. அது தற்காலிக மூட்டு, வளர்ச்சி முடிந்ததும் எலும்பாகி மறைந்துவிடும். மாடல் பெரிய ஆளுடையது என்பதால் இதில் தேடினாலும் கிடைக்காது, அது மாடலின் குற்றம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிறவர்கள் ஒரு பிள்ளையின் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் மாட்டிவையுங்கள். மகன் கபடியில் விழுந்துவிட்டான் என்று எக்ஸ்ரேயோடு ஓடிவந்த ஒரு அப்பா, முழங்காலுக்குக் கீழே தெரிந்த கறுப்புக் கோட்டைக் காட்டி, "எலும்பு ரெண்டாப் போச்சே டாக்டரே" என்று கண்கலங்கிவிட்டார். அடுத்த கால் எக்ஸ்ரேயிலும் அதே கோடு அதே இடத்தில் இருக்கிறது என்று காட்டின பிறகுதான் உட்கார்ந்தார்.

இப்போது தோள்பட்டை. சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், எங்கள் கிளினிக்குக்கு வருகிற தோள்களில் பாதிக்கு மேல் அந்தக் கேஸ்தான். அப்படி வந்த ஒரு ஆச்சி, கட்டிலில் உட்கார்ந்து மாடலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுதியளே, இந்தாளு தூக்குவானா?" என்று கேட்டாள். தூக்கிக் காட்டப் போனேன். பாதி உயரம் போனதும் நின்றுவிட்டது. "அவனுக்கும் என் சீக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கும்போது தோள் குழியில் நடப்பது சுமார் 120 டிகிரிதான், மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. மாடலில் அந்தப் பட்டை எலும்பை விலாவோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அங்கே எலும்புக்கும் எலும்புக்கும் மூட்டே கிடையாது, நடுவே தசைதான். கை மொத்தமும் உடம்போடு எலும்பாகச் சேர்கிற ஒரே இடம் காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடுகிற அந்தச் சின்ன முனை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூவைப் போட்டுவிட்டால் பையன் என்ன படிப்பான்? பந்துக் கிண்ண மூட்டு என்பார்கள், ஆனால் தோளில் கிண்ணம் இருக்கிறதே அது கிண்ணம் இல்லை, தட்டு. பெரிய பந்து, ஆழமில்லாத தட்டு, சுற்றிலும் நான்கு தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் உடம்பிலேயே அடிக்கடி நழுவுகிற பெரிய மூட்டும் அதுவே. மாடலில் தசை இல்லாததால் பந்தைத் தட்டோடு ஒரு ஆணியால் கோத்திருக்கிறார்கள், ஆணி விட்ட அளவுக்குத்தான் ஆட்டம்.

முழங்கையில் இரண்டு மூட்டு அடுத்தடுத்து இருக்கின்றன. மடக்கி நீட்டுவது கீல் மூட்டு, அதை மாடல் சரியாகவே செய்கிறது. உள்ளங்கையைத் திருப்புவது வேறு வேலை. கோயிலில் திருநீறு வாங்க உள்ளங்கையை ஏந்தும்போது முன்கையின் இரண்டு எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு மற்றதன் மேல் குறுக்காக ஏறிப் படுக்கிறது. ஆர எலும்பின் தலை, கயிற்றுக்குள் சுழல்கிற மத்து மாதிரி, ஒரு வளையத் தசைநாருக்குள் சுழலும். இதுவும் முளை மூட்டுதான். இந்த ஏறிப் படுக்கிற காட்சியைக் கண்ணால் பார்த்தால் ஒரு மாணவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் மாடலில் இரண்டு எலும்பையும் மேலேயும் கீழேயும் கம்பி போட்டு முறுக்கிவைத்திருக்கிறார்கள். கை எப்போதும் திருநீறுக்கு ஏந்தினபடியே நிற்கிறது. கீழ்க் கம்பியை வெட்டிவிட்டு, தையல் கடையில் கிடைக்கிற எலாஸ்டிக் கயிறை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன், இப்போது அழகாகத் திரும்புகிறது. பத்து ரூபாய் வேலை, கம்பெனிக்காரனுக்குத் தோன்றவில்லை.

கைவிரல்கள் நன்றாக ஆடுகின்றன, எல்லாம் ஸ்பிரிங் கம்பியில் கோத்தவை. மணிக்கட்டின் எட்டு எலும்பையும் ஒட்டிவிட்டார்கள், அதனால் வழுக்கு மூட்டுக்கு அங்கே உதாரணம் காட்ட வழியில்லை. எனக்குப் பெரிய வருத்தம் கட்டைவிரல்தான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்போடு சேர்கிற இடத்தில் இருப்பது சேண மூட்டு. இரண்டு எலும்பின் முகமும் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதனால்தான் கட்டைவிரல் மற்ற நான்கு விரலையும் எதிரே வந்து தொடுகிறது. முக்கூடல் பக்கம் இருந்து பீடி சுற்றுகிற அக்காமார் நிறையப் பேர் வருவார்கள். 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் சுளகு, வெட்டின இலையில் தூளை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி முடிகிற வரை ஒவ்வொரு பீடிக்கும் அந்தச் சேணம் அழுந்திக்கொண்டே இருக்கிறது. சிறு வயதில் இருந்து இதே வேலை. வலி எங்கே என்று கேட்டால் கட்டைவிரலின் நுனியைக் காட்ட மாட்டார்கள், மணிக்கட்டை ஒட்டின அடியைத்தான் காட்டுவார்கள். அங்கே வலிப்பது மூட்டுத் தேய்வாகவும் இருக்கலாம், பக்கத்தில் ஓடுகிற தசைநாண் உறையின் வீக்கமாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதை மாடலில் காட்டிப் பேசினால் அவர்களும் வலியைச் சரியாகப் பிரித்துச் சொல்வார்கள். மாடலிலோ அந்த மூட்டில் பசை. வளைத்துப் பார்த்த ஒரு அக்கா, "இவன் ஒரு கட்டு பீடி சுத்த மாட்டான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

விரல் பேச்சு வந்ததால் சொடக்கையும் சொல்லிவிடுகிறேன், தினமும் யாராவது கேட்கிறார்கள். சொடக்கு எடுத்தால் எலும்பு தேயும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூட்டை இழுக்கும்போது உள்ளே இருக்கிற திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழ் உண்டாகிறது, சத்தம் அந்த நேரத்தில்தான் வருகிறது என்று 2015-இல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே விரலை இழுத்துப் படம் பிடித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் சுமார் 60 வருஷம் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்து, இரண்டு கையையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று சொன்னதற்காக 2009-இல் வேடிக்கை நோபல் பரிசு வாங்கினார். பிளாஸ்டிக் மூட்டில் திரவமும் இல்லை, உறையும் இல்லை, சொடக்கும் வராது. திரவ மூட்டு என்றால் மூன்று சங்கதி வேண்டும்: எலும்பு நுனியில் வழுவழுப்பான குருத்தெலும்பு, சுற்றி ஒரு உறை, உள்ளே கொஞ்சம் திரவம். முழங்காலிலேயே நல்ல நிலையில் சில மில்லிதான் இருக்கும், அதற்குமேல் ஊறினால்தான் நீர் கோத்துக்கொண்டது என்கிறோம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதற்குச் சோறு போடுவது இந்தத் திரவம்தான், மூட்டை அசைத்தால்தான் அந்தச் சோறு உள்ளே போய்ச் சேரும். இதில் எதுவும் இந்த மாடலில் இல்லை. உடம்பில் அசைகிற மூட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான், அந்த வகையின் உயிர்நாடியே பெட்டியில் வரவில்லை.

இடுப்புக்குப் பாராட்டு. தொடை எலும்புத் தலை ஆழமான குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்து சுழல்கிறது, தோளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு கையால் இரண்டையும் ஆட்டிக் காட்டினால் வகுப்பு எடுக்கவே வேண்டாம். ஒரு பந்து, ஒரு கிண்ணம் என்று வடிவம் இவ்வளவு தெளிவாக இருப்பதும் ஒரு காரணம், 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்துச் செய்த இடுப்பு மாற்று முறை நிலைத்துவிட்டது. முன்பக்கம் இடுப்பெலும்புகள் சேர்கிற பூப்பெலும்பு இணைப்பில் ரப்பர் துண்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் சரி, நிஜத்திலும் நார்க் குருத்தெலும்புதான். பின்பக்கம் திரிகமும் (முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற முக்கோண எலும்பு) இடுப்பெலும்பும் சேர்கிற மூட்டு நமக்கு நல்ல பாடம். அதில் ஒரு பகுதி திரவ மூட்டு, ஆனாலும் அசைவு மிக மிகக் கொஞ்சம். திரவ மூட்டு என்றால் தாராளமாக அசையும், நார் மூட்டு என்றால் அசையவே அசையாது என்று மனப்பாடம் செய்த பையன் இங்கே வந்து மாட்டிக்கொள்வான். எதனால் கட்டப்பட்டது என்று பார்ப்பது ஒரு பிரிவு, எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது வேறு பிரிவு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. கணுக்காலுக்கு மேல் இரண்டு கால் எலும்பும் சேர்கிற இடம் நார் மூட்டு, அது துளி அசையும். மாடலில் அங்கே ஸ்க்ரூ.

முழங்கால்தான் இந்த மாடலின் மானத்தை வாங்குகிற இடம். உடம்பிலேயே பெரிய திரவ மூட்டு, எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிற மூட்டு, அதற்கு ஒரு உலோகத் தகடு, இரண்டு ஆணி. மடங்கும், நீளும். சவ்வு இரண்டையும் காணோம். உள்பக்கச் சவ்வு பிறை வடிவம், வெளிப்பக்கச் சவ்வு ஏறக்குறைய வட்டம், இரண்டும் எலும்புக்கு நடுவே பாரத்தைப் பங்குபோட்டு வாங்குகிறவை. உள்ளே குறுக்கும் மறுக்குமாகப் போகிற இரண்டு சிலுவைத் தசைநார்களும் இல்லை. கபடி ஆடுகிற பையன்கள் அறுத்துக்கொண்டு வருவது அதில் முன்பக்கத்து நார்தான், அதைக் காட்ட மாடலில் காற்றைத்தான் காட்ட வேண்டும். முழங்கால் சில்லை ஒரு பிளாஸ்டிக் கம்பியால் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுவும் மூன்று மாதத்தில் கையோடு வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். முழங்கால் வெறும் கீல் மூட்டு இல்லை. காலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிற அந்தக் கடைசிச் சில டிகிரியில் தொடை எலும்பு கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும், அதனால்தான் கோயில் வரிசையில் தொடைத் தசைக்கு அதிக வேலை கொடுக்காமல் நெடுநேரம் நிற்க முடிகிறது. மடக்க ஆரம்பிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னத் தசை முதலில் பூட்டைத் திறந்துவிடும். தகடும் ஆணியும் போட்ட காலுக்குத் திரும்பவே வழியில்லை. முழங்கால் கீல்தான் என்று தவறாகச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

பாதத்தையும் ஒட்டியே கொடுத்திருக்கிறார்கள். கணுக்கால் மேலும் கீழும் ஆடும், பாதம் உள்ளேயும் வெளியேயும் சாயாது. வயக்காட்டு வரப்பில் நடக்கிறவர்களின் பாதம் ஒவ்வொரு எட்டுக்கும் சாய்ந்து கொடுப்பது கணுக்காலுக்கு அடியில் இருக்கிற மூட்டில்தான். சுளுக்குக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்ட முடியாமல் என் காலையே தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, யார் வாங்கலாம்? பள்ளிக்கூடத்துக்கு வாங்கலாம், 206 எலும்பில் எது எங்கே என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், ஆனால் மூட்டுப் பாடத்தை அவர்கள் உடம்பிலேயே நடத்துங்கள், அதைவிட நல்ல மாடல் கிடையாது. பிசியோ மாணவர்கள் முழுசாக வாங்காதீர்கள். கோக்காத எலும்புகளாக வருகிற பாதி செட் ஒன்று வாங்குங்கள், அதில் ஆர எலும்பை மற்றதன் மேல் ஏற்றலாம், சேணத்தில் சேணத்தை உட்காரவைக்கலாம். கூடவே தசைநாரோடு வருகிற தனி முழங்கால் மாடலும், முடிந்தால் தோள் மாடலும். நான் அப்புறம் வாங்கின முழங்கால் மாடல் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது, சவ்வு, சிலுவை நார் எல்லாம் இருக்கிறது, நிமிர்த்தும்போது அந்தத் திருப்பம்கூட ஓரளவு வருகிறது. கிளினிக் வைத்திருக்கிறவர்களுக்கு முழு எலும்புக்கூடு ஒரு அலங்காரமாக உதவும், வருகிற பிள்ளைகள் அழுவதும் உண்டு, அதோடு செல்ஃபி எடுக்கிறவர்களும் உண்டு. ஐந்துக்கு எலும்புக்காக நான்கு, மூட்டுக்காக ஒன்றரை.

விற்பனைக்குப் பிந்தின சேவை பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் பாதம் இரண்டும் இடது பாதம். போன் போட்டால், "சார், வலது மாதிரியே மாட்டிக்கலாம், ஸ்க்ரூ ஒண்ணுதான்" என்கிறார் எதிர்முனையில். கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் பார்க்குதே தம்பி என்றேன். போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், வீடியோ கேட்டார், அதையும் அனுப்பினேன். வலது பாதம் வந்து சேர்வதற்குள் கிளினிக்கில் எல்லோரும் அந்த ஆளின் காலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கை இரண்டையும் பாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள், ஸ்க்ரூவை ஒரு தடவை முடுக்கிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.